மேரியம்மா வரைந்த தெரு

கண்ணு,

சுகம் விசாரிப்பதையும், இங்கே யாருக்குச் சளி, யாருக்கு இடுப்பு வலி என்பதையும் உன் அம்மாவிடமே விட்டுவிட்டேன். கடலை உருண்டையைத் துணியில் முடிந்து கொடுக்கும்போது அதையெல்லாம் அவள் வண்டிக்காரனிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்புவாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். உன் மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறதே ஒரு தெருப் படம், அதைப் பற்றி. இதில் உனக்குத் தெரியாதது அதிகமில்லை. தெரிந்த கதையையே இந்த மனுஷர் எதற்கு இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் பேனாவைக் கீழே வைத்தால் மறுபடி எடுக்கத் தைரியம் வராது. அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் உங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வைத்த விசேஷத்துக்கு நானும் உன் அம்மாவும் வந்திருந்தோம். அவிநாசியைத் தாண்டி அத்தனை தூரம் கம்பி இழுத்து வந்து, மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த அதே கிணற்றில் ஒரு பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் குழாய் வழியாகப் பீறிட்டபோது ஊர்ச் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நீலகிரி மலைமேல் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரத்துக்கும் சேர்த்தே உன் மாமனார் தேங்காய் உடைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் வயிறாரச் சோறு போட்டார். அவர் நல்ல மனுஷர், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் அவர் மின்சார வேலையைப் பார்வையிட வந்த துரையை வீட்டுக்குள் அழைத்துவந்து அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

"பாருங்க, இது எங்க சம்பந்தி ஊட்டுத் தெரு, கோயமுத்தூருங்க. உங்க சீமைக்கார அம்மா ஒருத்தங்க வரைஞ்சது. என்ன அமைதி பாருங்க! ஒரு ஈ, காக்கா இல்ல. நம்ம ஆளுக கண்ணுக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியுது?" என்றார். துரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை ஒட்டி நின்று பார்த்தார். என்னமோ சொன்னார். கூட வந்த குமாஸ்தா அதைத் தமிழில் எடுத்துச் சொன்னார். "இது கீழ நின்னு வரைஞ்சதில்லையாமுங்க. ஒசரத்துல ஒரு ஜன்னல்ல உக்காந்து வரைஞ்சதாம்." உன் மாமனார் சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார். "அப்படீங்களா சம்பந்தி? உங்க மாடியிலயா?"

கண்ணு, அந்த இடத்தில் எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. "ஆமாங்க, மாடியிலதான், எம் பொண்ணுதான் வரைஞ்சது" என்று சொல்லியிருந்தால் பழைய பொய் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "ஆமாங்க. அந்தம்மாவுக்கு வெயில் தாளல. மாடில எடம் குடுத்தோம்" என்றேன். துரைக்கு அதுவும் போதவில்லை, அந்த அம்மாளின் பெயரைக் கேட்டார். என் வாய்க்கு வந்தது 'மேரியம்மா'. ஆயுசு முழுக்க மாரியம்மனைக் கும்பிட்ட வாய்க்கு அதற்குமேல் எட்டவில்லை போலிருக்கிறது. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். நான் அந்த ஒன்பதையும் ஒரே நாளில் சொல்லி முடித்துவிடுவேன் போலிருந்தது. அப்போது நீ மோர்த் தம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்றிருந்தாய். தட்டை முக்காலிமேல் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாய். என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால்கூடத் தேவலை.

உன் மாமனார் அதோடு விட்டாரா? "அந்த மேரியம்மாகிட்டச் சொல்லி நம்ம கெணத்தையும் மோட்டார் ரூமையும் இதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு வாங்கிக் குடுங்க சம்பந்தி. தைப் பொங்கல் நோம்பிக்குள்ள வந்தாப் போதும்" என்றார். "அதுக்கென்னுங்க, சொல்லிப்போட்டாப் போச்சு" என்றேன் நான். இல்லாத மேரியம்மாவிடம் போய் எதைச் சொல்வது? இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த உன்னைத் தேடிக் கட்டுத்தரைக்கு வந்தேன். வந்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, என்ன கேட்டேன் என்பதை இங்கே அப்படியே எழுதுகிறேன். "கண்ணு, உங்க மாமனார் ஆசையாக் கேட்டுட்டாரு. நீயே யாருக்கும் தெரியாம ஒண்ணு வரைஞ்சு குடுத்தீன்னா, மேரியம்மா அனுப்புனதுன்னு நாங் கொண்டாந்து குடுத்தர்றேன்."

நீ கலக்குவதை நிறுத்தவில்லை. "சாயப் பொட்டி எங்கிட்ட இல்லீங்களேப்பா. கல்யாணத்தன்னிக்கு நீங்கதான எடுத்து வெச்சீங்க" என்றாய். அனுப்பி வைக்கிறேன் என்றேன். "வேண்டாமுங்கப்பா. இன்னொருத்தி பேருக்கு எனக்குக் கை வராது" என்றாய். மாப்பிள்ளையிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். "அவருகிட்டச் சொன்னா அவரு அவங்கப்பாகிட்ட மறைக்கோணும். அவரை எதுக்குங்க இதுல இழுத்துட்டு?" அப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. குற்றத்தை உன் தலையில் வைக்கப் பார்த்தேன். இந்த இரண்டு வருஷத்தில் நீயே ஒருநாள் சொல்லியிருக்கலாமே என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாய். "நான் வரைஞ்சதுன்னு நாஞ் சொன்னா, நீங்க சொன்னது பொய்யின்னு ஆயிருமுங்களேப்பா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டேன் என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாய்.

என் வாயிலிருந்து வந்த சொல்லைப் பற்றி எனக்கு எவ்வளவு கர்வம் என்று நீ அறிவாய். பருத்தி மண்டியில் கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவன் நான். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. விரலில் ஒத்துக்கொண்டதை விடிந்தபின் மாற்றிப் பேசினேன் என்று பல்லடத்திலோ கருமத்தம்பட்டியிலோ ஒருவனும் சொல்ல முடியாது. "அவரு சொல்லீட்டாரா, அப்பச் சரீங்க" என்பார்கள். வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதை உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொல்லிச் சொல்லிக் காது புளிக்க வைத்திருக்கிறேன். அந்தப் பேரை நான் காப்பாற்றியதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். காப்பாற்றிக்கொண்டிருந்தவள் நீ என்று கட்டுத்தரையில்தான் தெரிந்தது.

இந்தக் கோணல் எங்கே ஆரம்பித்தது என்று வீட்டுக்கு வந்தபின் யோசித்துப் பார்த்தேன். நீ பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை நிறுத்தினேன். எல்லா வீட்டிலும் நிறுத்தினார்கள், நானும் நிறுத்தினேன், அதில் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. உனக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டுக்கே வந்து, உட்காரக்கூட மாட்டேன் என்று நின்றபடியே, தன் சாயப்பெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தகரப் பெட்டி, உள்ளே சிறு சிறு குழிகளில் கட்டிச் சாயம். போகும்போது என்னிடம், "ஜன்னல் இருக்குதானே, அது போதும்" என்று அவருடைய தமிழில் சொன்னார். மரியாதைக்குத் தலையாட்டினேன். அவர் தெருமுனை திரும்பியதும் உனக்கு ஒரு சட்டம் போட்டேன். மாடி ஜன்னலைத் திறக்கலாம், ஆனால் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது திறக்கக் கூடாது.

உன் மாமனார் மெச்சுகிறாரே, அந்த அமைதி, அது இதுதான். நம் தெரு என்றைக்கு அமைதியாக இருந்தது? விடிந்தால் பஞ்சு வண்டிகள். வண்டிக்காரர்கள் வழிவிடச் சொல்லிப் போடும் சண்டை. ராவுத்தர் கடையில் அத்தர் வாங்க வருகிறவர்கள். ஆலைச் சங்கு ஊதினால் கூட்டம் கூட்டமாகச் சனம். இதெல்லாம் ஓய்ந்து, ஆண்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் தெரு காலியாகக் கிடக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் உனக்கு நான் கொடுத்தது. காலடிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு, அது போனபின் திறந்து, மறுபடி சாத்தி, இப்படித்தான் நீ அந்தத் தெருவை வரைந்தாய். ஓட்டுக் கூரை, சாத்திய கதவுகள், நுகத்தடி தரையில் சாய்ந்த ஒற்றை வண்டி, வேப்பமர நிழல். நீ வரைந்தது மனுஷரே இல்லாத தெரு. வருகிறவர்களெல்லாம் அதை அமைதி என்கிறார்கள். நான் போட்ட சட்டத்தைத்தான் சட்டமடித்து மாட்டியிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் தூக்கம் வராமல் மாடிக்கு வந்து உன் பின்னால் நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? படத்தின் கீழ்ப்பக்கம் நம் மாடிக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்ட என் வேட்டியும் இருந்தது. மற்ற இடமெல்லாம் சாயம், வேட்டி மட்டும் வெறும் காகிதம். "இத மறந்துட்டியா அம்மணி?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "வெள்ளைக்குச் சாயம் கெடையாதுங்கப்பா. சுத்தியும் பூசீட்டு, அத மட்டும் தொடாம உட்டுட்டாப் போதும், அதே வெள்ளையாயிரும்" என்றாய். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மண்டியில் இரண்டு பேரிடம் சொல்லலாம் என்று நினைத்து, அப்புறம் எப்படி எனக்குத் தெரியும் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன். இந்த இரண்டு வருஷமும் நீ எனக்குச் செய்தது அதேதான். கூடத்தில் வந்தவர் போனவர் எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச, நீ என்னைத் தொடாமல் விட்டாய். என் வேட்டி வெள்ளையாக இருப்பது அதனால்தான். என் சாமர்த்தியத்தால் இல்லை.

படத்துக்குக் கண்ணாடி போட்டு முதலில் நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியவனும் நான்தான். வீட்டுக்குள் பெருமை, வாசலுக்கு வெளியே வெட்கம், என்னுடைய லட்சணம் அது. உனக்கு முதலில் பேசிய வரன் தட்டிப்போனபோது தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜன்னல்ல உக்காந்து தெருவப் பாக்கற புள்ளைன்னு ஒரு பேச்சு அடிபடுதுங்க" என்றார். அன்றைக்கு அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. வெற்றிலை கொடுத்து அனுப்பினேன். கொஞ்ச நாளில் உன் மாமனார் பெண் பார்க்க வந்தார். உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்தது படத்தைத்தான். பாய் விரித்திருந்தும் உட்காராமல் அதன் முன்னாலேயே நின்றார். "யாருங்க வரைஞ்சது?" என்றார். ஜன்னல், தெரு, தரகர் எல்லாம் ஒரேயடியாகத் தலைக்குள் வந்தன. "ஒரு சீமைக்கார டீச்சரம்மாங்க" என்றுவிட்டேன். நரம்பில்லாத நாக்கு. உள்ளேயிருந்து வந்த உன் அம்மா என் பக்கத்தில் குனிந்து, "ஏனுங்க, அது அவ வரைஞ்சதாச்சே" என்று கிசுகிசுத்தாள். "சும்மா இரு" என்றேன். நீ அலங்காரம் செய்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்திருக்கும்.

விழுந்ததா என்று இதுவரை நான் உன்னைக் கேட்டதில்லை. கேட்டால் விழுந்தது என்பாய், அப்புறம் எனக்கு என்ன பேச்சிருக்கிறது? நிச்சயதார்த்தத்தன்று உன் மாமனார் மறுபடியும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, நானே எழுந்து சுவரிலிருந்து கழற்றி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன். கொடை வள்ளல் என்று எல்லோரும் சொன்னார்கள். உன் பொருளை எடுத்து உன் கண்முன்னால் வேறொருத்தி பெயரில் தானம் செய்தவனுக்கு அந்தப் பட்டம். பிறகு கல்யாணத்தன்று சாமான் கட்டும்போது சாயப்பெட்டியை நீ புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்ததைப் பார்த்தேன். அது அங்கே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று எடுத்துப் பரண்மேல் போட்டேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். "அங்க இதுக்கெல்லாம் ஏது நேரம் கண்ணு" என்று உனக்கு ஆறுதல் வேறு சொன்னேன்.

மகளுக்கு எழுதும் கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும் என்று எல்லா அப்பன்மாருக்கும் ஓர் ஆசை இருக்கும். மாமியாரை மதி, சிக்கனமாக இரு, கோபத்தை அடக்கு என்று நானும் உனக்கு முன்பு எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதங்களை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, பட்டவன் என்ற முறையில். கண்ணு, ஊரார் என்ன சொல்வார்கள் என்று பயந்து நான் இந்தப் பொய்யைச் சொன்னேன். அந்த ஊரார் இப்போது எங்கே? அந்தத் தரகர் செத்தே போனார். அவர் சொன்ன பேச்சு யார் வாயில் பிறந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. முகமே தெரியாத ஒருவருக்குப் பயந்து, என் வீட்டில் என் கண்முன்னால் வளர்ந்த பெண்ணின் கையை நான் மறைத்துவிட்டேன். நாளைக்கு உனக்கு ஒரு பெண் பிறந்து, அவள் ஜன்னலில் உட்கார்ந்தால், கதவை அகலத் திறந்து வை. தெருவில் கூட்டம் இருக்கும்போதே திறந்து வை. அவளாவது வண்டியோடு மாட்டையும் சேர்த்து வரையட்டும்.

நேற்று உன் அம்மா நான் கேட்காமலே பரணிலிருந்து பெட்டியை இறக்கி, துடைத்து, என் முன்னால் வைத்தாள். சாயமெல்லாம் காய்ந்து, வறண்ட குளத்து மண் மாதிரி வெடித்திருந்தது. இனி இது உதவாது என்று நினைத்தேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். உன் அம்மா விரலைத் தண்ணீரில் தொட்டு நீலத்தின்மேல் ஒரு தேய் தேய்த்தாள். நீலம் புதிதாக வந்தது. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும் கறை அதுதான், அவள் விரல். "அனுப்புங்க. அதுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். பெட்டியைப் பழைய துண்டு ஒன்றில் சுற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மண்டியில் நான் விலை பேசும்போது கையை மூடும் துண்டு அது.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். அன்று நாங்கள் வண்டி ஏறும்போது நீ சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்று, "சொல்றதுன்னா நீங்களே சொல்லோணுமுங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னாய். நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். என்னை எனக்குத் தெரியும். உன் மாமனார் "வாங்க சம்பந்தி" என்று வாசலுக்கு வந்து கையைப் பிடித்ததும் பத்தாவது பொய் ஒன்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால்தான் கடிதம். உங்கள் வீட்டில் மருமகளுக்கு வரும் கடிதம் முதலில் மாமனார் கைக்குப் போகும், அவர் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு உரக்கப் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எழுதுவேன். இந்த முறையும் அதை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். உறையை ஒட்டவில்லை.

சம்பந்தி, இதுவரை வாய்விட்டுப் படித்தது நீங்கள்தான். உங்கள் வீட்டில் வந்து உங்கள் சோற்றைத் தின்றுகொண்டே பொய் சொன்னவன் நான். என்மேல் என்ன கோபம் வந்தாலும் அது நியாயம், இனி என்னை வாசலில் ஏற்ற வேண்டாம் என்றாலும் கட்டுப்படுகிறேன். என் மகள் உங்களிடம் ஒரு வார்த்தை பொய் சொன்னதில்லை. மேரியம்மா என்று யாரும் கிடையாது. அந்தப் படத்தை வரைந்தவள் இப்போது உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். துண்டை அவிழ்த்து, பெட்டியை அவள் கையில் கொடுங்கள்.

உன் அப்பா